கோட்டைச்சாமி பார்த்த புகை

சாம்பிள் வெடியைப் பார்த்துவிட்டுக் கோட்டைச்சாமி "சரி" என்றால் அது சரி. "சரியில்லை" என்றால், அந்த வெடியே எழுந்து வந்து வாதாடினாலும் எங்கள் பக்கம் யாரும் காது கொடுக்கமாட்டார்கள். சிவகாசியைச் சுற்றி எத்தனையோ பட்டாசுக் கம்பெனிகள் இருக்கின்றன. அவருக்கு இருந்த பெயர் இன்னொருவருக்கு இல்லை. அந்தப் பெயர் அவர் வீட்டை எப்படித் தின்றது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். கேட்பவர்களுக்குச் சந்தோஷம் வரப்போவதில்லை. சொல்கிற எனக்கும் வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

அவருக்குச் சொந்த ஊர் மல்லாங்கிணறு. மானாவாரி நிலம், மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் கருவேலமுள். மழை தொடர்ந்து பொய்த்ததும் இளவயதிலேயே சைக்கிளில் ஏறிச் சிவகாசி வந்தார். சீனிவாசகம் முதலாளியின் கம்பெனியில் லாரிக்கு லோடு ஏற்றினார். நல்ல பார்வை, கூடவே யாருக்கும் சலுகை காட்டாத குணம். இரண்டையும் கவனித்த முதலாளி அவரைச் சாம்பிள் பார்க்க வைத்தார். அதிலேயே தலை நரைத்தது.

சாம்பிள் பார்ப்பது என்றால் இதுதான். வானத்தில் போய் விரிகிற பேன்சி ரக வெடியில், ஒவ்வொரு தரம் வெடிமருந்து கலந்து செய்த சரக்கிலிருந்தும் சிலதை எடுத்து, பொழுது சாயும் நேரத்தில் கம்பெனிக்குப் பின்னால் உள்ள பொட்டலில் வெடித்துப் பார்ப்பார்கள். நேராக ஏறுகிறதா, வட்டமாக விரிகிறதா, நிறம் சுத்தமாக இருக்கிறதா என்று ஒருவர் பார்த்துச் சொல்லவேண்டும். விரிந்த பூவுக்குள் கறுப்பு இழை தெரிந்தால் "புகை இழுக்குது" என்பார்கள். புகை இழுத்தால் கலவையில் கோளாறு. கலவையில் கோளாறு என்றால் கலந்தவன் கையில் கோளாறு.

கோட்டைச்சாமி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, காலை அகட்டி நின்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். பிறகு ஒரே வார்த்தை. அதற்கு மேல் அப்பீல் கிடையாது. 'தராசு' என்று அவருக்குப் பட்டப்பெயர். அதை யாராவது சொன்னால் காதில் விழாதது போல இருப்பார். ஆனால் அன்றைக்கு வீட்டில் ஒரு கரண்டி சோறு கூடுதலாக இறங்கும் என்று அவர் சம்சாரம் மூக்கம்மாளே சொல்லியிருக்கிறாள்.

ஒரே மகள், அழகுமீனா. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் அதே கண்தான். கம்பெனியில் பேன்சி ரகத்துக்கு மருந்து கலக்கும் மணிமுத்துவைத் தானே தேர்ந்தெடுத்தார். மருந்து கலப்பது விளையாட்டு வேலை இல்லை. தனி அறை; ஒரு ஆள்தான் உள்ளே இருப்பான்; ஒரு உரசல் ஆகாது, ஒரு அவசரம் ஆகாது. "கை சுத்தமான பையன். என் கண்ணுக்கு இதுவரைக்கும் ஒரு குத்தம் தெரியல" என்று சம்பந்தம் பேசப் போன இடத்திலேயே சொன்னார். மணிமுத்துவுக்கு அதைவிடப் பெரிய சர்டிபிகேட் வேண்டியிருக்கவில்லை.

இனி நோய்க்கு வருகிறேன். கோட்டைச்சாமிக்குச் சர்க்கரை இருந்தது. மாத்திரை இருந்தது, சாப்பிட்டது பாதி, மறந்தது மீதி. "கண்ணையும் ஒருதரம் காட்டிருங்க" என்று மருந்துக்கடைக்காரர்கூடச் சொன்னார். "தீபாவளி சீசன் முடியட்டும்" என்றார் கோட்டைச்சாமி. எங்கள் பக்கம் கல்யாணம், காதுகுத்து, ஆப்பரேஷன் எல்லாமே சீசன் முடிந்துதான். நோய்கூடக் கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்று, தீபாவளி கழிந்த பிறகு உள்ளே வரவேண்டும் என்று இவர்களுக்கு நினைப்பு.

ஆடி மாதத்தில் ஒரு காலை, வீட்டுச் சுவரில் கறுப்பாக நூல் நூலாக ஏதோ தெரிந்தது. "ஒட்டடை அடிக்க மாட்டியா?" என்று மூக்கம்மாளைத் திட்டினார். அவள் அடித்தாள். அப்புறமும் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டியூப்லைட்டை மாற்றினார். சுவரையும் கண்ணாடியையும் லைட்டையும் சந்தேகப்பட்ட மனிதர், ஒரே ஒரு பொருளை மட்டும் சந்தேகப்படவில்லை. ஊரார் கண்ணை எல்லாம் விடத் தன் கண் ஒசத்தி என்று இத்தனை வருடம் நம்பியவருக்கு அது எப்படித் தோன்றும்?

அந்த வாரத்தில்தான் சிவப்பும் பச்சையும் கலந்த புது ரகத்துக்குச் சாம்பிள். முதலாளியின் மகன் ஸ்ரீராம்குமார், போர்மேன் இசக்கிப்பாண்டி, இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள். வெடி ஏறி விரிந்தது.

"புகை இழுக்குது" என்றார் கோட்டைச்சாமி.

"எனக்கு ஒண்ணும் தெரியலையேண்ணே" என்றான் ஸ்ரீராம்குமார்.

"பளகின கண்ணுக்குத்தான் தெரியும், சின்ன மொதலாளி."

அடுத்தது வெடித்தார்கள். அதிலும் இழுத்தது. இசக்கிப்பாண்டி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஆமா, லேசா இழுக்கத்தான் செய்யுது" என்றான். போர்மேனுக்கே தெரிந்த பிறகு மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா? எல்லாரும் பார்த்தார்கள். ஒருவன் அது எந்தப் பக்கமாக இழுக்கிறது என்றுகூடக் கையை நீட்டிக் காட்டினான். இல்லாத புகையை இத்தனை பேர் பார்த்த இடம் வேறெங்கும் இருக்காது.

மணிமுத்துவைக் கூப்பிட்டார்கள். அவனும் நிமிர்ந்து பார்த்தான். "எனக்குத் தெரியலையே மாமா."

"ஒங்க கலவையில உள்ள குத்தம் ஒங்களுக்கு எங்க தெரியும், மாப்ள?"

மறுபடி கலந்தான். மறுநாளும் இழுத்தது. இன்னொரு தரம், அரித்ததையே அரித்து, நிறுத்ததையே நிறுத்துக் கலந்தான். அதிலும் இழுத்தது. மூன்றாம் நாள் மணிமுத்து எல்லார் முன்னாலும் கேட்டான்: "மாமா, நிசமா இழுக்குதா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

நாலு பேர் முன்னால் தன் கண்ணைக் கேள்வி கேட்டுவிட்டான் என்று கோட்டைச்சாமிக்குச் சுருக்கென்றது. "இருக்கன்குடி மாரியாத்தா மேல சத்தியமா இழுக்குது" என்றார். பிறகு முதலாளி அறைக்குப் போனார். "மருமகன்னு நான் பாக்க முடியாது மொதலாளி. கை போயிருச்சு. நிறுத்திருங்க."

பொய் சொல்லவில்லை அவர். அதுதான் எனக்கு ஆத்திரம். பொய் சொல்லியிருந்தால் ஒருநாள் மனசு உறுத்தியிருக்கும்.

மணிமுத்து போனான். புது ஆள் கலக்க வந்தான். அவன் கலந்த சரக்கைப் பார்க்க எல்லாரும் நின்றபோது கோட்டைச்சாமி கண்ணுக்கு வானம் பளிச்சென்று இருந்தது. ஒரு இழை இல்லை. "பாத்தீகளா?" என்று இசக்கிப்பாண்டி கேட்டான். பார்த்தார்கள், அதோடு மணிமுத்துவின் கதை முடிந்தது.

மற்றக் கம்பெனிகளில் மணிமுத்து ஏறி இறங்கினான். எல்லா இடத்திலும் ஒரே பதில்: "கோட்டைச்சாமி சொந்த மருமகனையே வேண்டாம்னுட்டாரு. நாங்க எந்த நம்பிக்கையில ஒம்ம உள்ள விட?" கலவை அறையில் கை தவறினால் போவது சரக்கு மட்டும் இல்லை, உயிர்கள். அதனால் அவர்களையும் குறை சொல்ல முடியாது. கடைசியில் ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரியில் லோடுமேனாகப் போனான். மாமனார் எந்த வேலையில் தொடங்கினாரோ அந்த வேலையில் மருமகன் வந்து முடிந்தான்.

அழகுமீனா ஒரே ஒரு தடவை அப்பா வீட்டு வாசலில் நின்று பேசினாள். "அவகள வேலைய விட்டு எடுத்தது பெருசில்லப்பா. கை போயிருச்சுன்னு சொன்னீகல்ல, அதத்தான் என்னால தாங்க முடியல. தெனமும் ராத்திரி கைய விரிச்சு வச்சுப் பாத்துக்கிட்டே இருக்காக." சொல்லிவிட்டுப் படியிறங்கியவள் அப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை.

ஊரோ கோட்டைச்சாமியைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. ஆயுத பூஜையன்று முதலாளி எல்லாத் தொழிலாளிகள் முன்னாலும் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். "மகளாவது மருமகனாவது, தொழிலுக்கு முன்னால எல்லாரும் ஒண்ணுன்னு நின்ன மனுசன்" என்றார். வடக்கேயிருந்து ஆர்டர் கொடுக்க வரும் பார்ட்டிகளிடம் ஸ்ரீராம்குமார் இந்தியில் இதையே கதையாகச் சொன்னான். சொந்த மருமகனையே வெளியே அனுப்பியவர் பார்த்துச் சரி சொன்ன சரக்கு என்றால் யார்தான் வாங்கமாட்டான்?

தீபாவளிக்கு முந்தின வாரம், கோட்டைச்சாமியின் வலது கண்ணில் திரை இறங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. சீசன் ஆயிற்றே. இடது கண்ணை வைத்து ஒப்பேற்றினார். தீபாவளி கழிந்து, தெருவெல்லாம் பட்டாசுத் தாள் கூட்டி அள்ளிய பிறகு, ஒருநாள் நிலைவாசலில் முட்டி நெற்றி பிளந்தது. மூக்கம்மாள் அவர் முகத்துக்கு முன்னால் விரலை ஆட்டிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இருக்கன்குடிக்கு வெள்ளியில் கண்மலர் நேர்ந்துகொண்டாள். பிறகு மகளுக்குப் போன் போட்டாள்.

விருதுநகரில் உள்ள கண் ஆஸ்பத்திரியில், ஊசி போட்டுப் படம் எடுக்கவேண்டும், கூட ஒரு ஆள் வராமல் எடுக்கமாட்டோம் என்றிருந்தார்கள். மூக்கம்மாளுக்கு அங்கே ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் வழி தெரியாது. "எனக்காக வா தாயி" என்று அழுதாள். அம்மாவுக்காக அழகுமீனா வந்தாள். பஸ்ஸில் அப்பாவுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வழிநெடுக ஜன்னலையே பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் கண்ணைப் பெரிதாக்கச் சொட்டுமருந்து விட்டார்கள். முதலில் ஊசி இல்லாமல் ஒரு ஸ்கேன். கண்ணுக்குள் எங்கெங்கே ரத்தம் ஓடுகிறது, எங்கே ஓடாமல் நின்றுபோனது என்று அந்த மெஷினே வரைந்து காட்டியது. "ஓட்டம் தெரிஞ்சிருச்சு. ஆனா எங்க ஒழுகுதுன்னு பாக்கணும்னா ஊசி போட்டாத்தான் தெரியும்" என்றாள் படம் எடுக்கும் சினேகா என்ற பெண். அவரைத் தாடையை ஊன்றி உட்காரவைத்தார்கள். கைநரம்பில் மஞ்சள் மருந்தை ஏற்றினார்கள். நீல வெளிச்சம் கண்ணில் வெட்டி வெட்டி அடித்தது.

"கண்ணை இமைக்காதீங்கய்யா. கொமட்டும். மூச்சை இழுத்து விடுங்க."

கோட்டைச்சாமி இமைக்கவில்லை. அதில் மட்டும் அவர் கெட்டிக்காரர்.

அழகுமீனா ஓரத்தில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் ஒன்றுமே இல்லாத இருட்டு. பிறகு ஒரு மூலையிலிருந்து வெள்ளை இழைகள் கிளம்பிக் கிளைவிட்டுப் பரவின. கையில் ஏற்றிய மருந்து ரத்தத்தோடு கண்ணுக்கு வந்து சேர்கிறது என்று சினேகா சொன்னாள். கொஞ்ச நேரத்தில் கிளைகளின் ஓரத்தில் அங்கங்கே வெள்ளை ஊறித் தடித்தது. ஓட்டுக்கூரை ஒழுகும் வீட்டில் சுவரில் ஈரம் பரவுமே, அது மாதிரி பரவிக்கொண்டே போனது.

டாக்டரம்மா படத்தைப் பார்த்தார். "சர்க்கரையால ரத்தக்குழாய் எல்லாம் கெட்டுப்போயிருக்கு. ரத்தம் போகாத இடத்துல கண்ணு தானாப் புதுசாச் சின்னச் சின்னக் குழாய் வளர்த்திருக்கு. அதுக்குப் பலம் கிடையாது. உடைஞ்சு உள்ளயே ரத்தம் ஒழுகும். முன்னாலயே உங்களுக்குக் கறுப்பா ஏதாவது தெரிஞ்சிருக்குமே?"

"தெரிஞ்சுச்சு."

"எப்படி? நூல் மாதிரியா, புகை மாதிரியா?"

கோட்டைச்சாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"சிலபேருக்குப் புகை இழுக்கிற மாதிரியே தெரியும். ஆகாயத்தை அண்ணாந்து பாத்தா, இல்ல நல்ல வெளிச்சத்தைப் பாத்தா அதிகமாத் தெரியும். கொஞ்ச நாள்ல அந்த ரத்தம் அதுவாக் கரைஞ்சு பார்வை தெளிஞ்சிரும். சரியாப் போச்சுன்னு விட்டுருவாங்க. அப்புறம் திரும்பப் பெருசா ஒழுகும். எப்ப இருந்துய்யா தெரிஞ்சுச்சு?"

பதில் சொன்னது அழகுமீனா. "ஆடி மாசத்துலருந்து, டாக்டரம்மா" என்றாள். குரல் உயரவில்லை. "மூணு நாளு நல்லாவே தெரிஞ்சிருக்கு. அப்புறம் தெளிஞ்சிருக்கு."

டாக்டரம்மா அது வீட்டில் பேசிக்கொண்ட விஷயம் என்று நினைத்துக்கொண்டார். அப்போதே வந்திருந்தால் இரண்டு கண்ணையும் முழுதாகக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். இனி லேசர் வைத்து இடது கண்ணில் உள்ளதைப் பிடித்து நிறுத்தலாம். வலது கண்ணுக்கு உறுதி சொல்ல முடியாது. படங்களில் ஒன்றை அச்செடுத்துத் தந்தார்கள்.

திரும்பி வரும்போது கோட்டைச்சாமியின் முகமும் கையும் மஞ்சள் பூத்துக் கிடந்தன. அந்த மருந்து அப்படித்தான், ஒருநாள் ஆகும் போக. பஸ் கண்டக்டர் சீட்டைக் கிழித்துக்கொண்டே, "என்ன பெரியவரே, எந்தக் கம்பெனி? மருந்துக் கலவையா?" என்று கேட்டார். எங்கள் பக்கம் உடம்பில் நிறத்தோடு பஸ் ஏறுகிறவன் மருந்துக்காரன் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. கோட்டைச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். மருமகன் இப்படி நிறத்தோடு சாப்பிட வந்து உட்காரும்போது, "கைய நல்லாத் தேச்சுக் களுவுங்க மாப்ள" என்று முகம் சுளித்தவர் அவர்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அழகுமீனா பேசினாள். "கண்ணு யாருக்கும் போறதுதான். அதுக்கு ஒங்கள நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இப்பத் தெரிஞ்சு போச்சுல்ல. நாளைக்கே கம்பெனிக்குப் போயிச் சொல்லுங்க."

"சொல்றேன் தாயி. பொங்கல் கழியட்டும்."

இதை எழுதும்போதே எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. சீசன் முடியட்டும், பொங்கல் கழியட்டும். கண்ணை இழந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. பீரோவில் பொன்னாடை மடித்து வைத்திருந்தது. அவருக்கு அதை விட மனசு வரவில்லை. நான் அறிந்த காரணம் அவ்வளவுதான். லேசர் வைத்தார்கள். இடது கண்ணில் மங்கலாக உருவம் தெரியும் அளவுக்கு நின்றது. வலது கண் போனது போனதுதான்.

பொங்கல் கழிந்தது. மகள் போன் எடுப்பதையும் நிறுத்திய பிறகு, ஒருநாள் மூக்கம்மாள் தோளைப் பிடித்துக்கொண்டு மருமகன் வீட்டுக்குப் போனார். மணிமுத்து அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தான். தலைமுடியிலும் புருவத்திலும் சுண்ணாம்புத் தூசி வெள்ளையாகப் படிந்திருந்தது. அது மாமனாருக்குத் தெரிந்திருக்காது.

"மாப்ள, தப்பு என் கண்ணுல இருந்துச்சு. ஒங்க கையில இல்ல."

மணிமுத்து அவரை உட்காரச் சொன்னான். தண்ணீர் கொடுத்தான். "மாமா, இத எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? என் கை எனக்குத் தெரியும். தெரியாதவககிட்டப் போயிச் சொல்லுங்க" என்றான்.

மறுநாளே அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனார் கோட்டைச்சாமி.

"மொதலாளி, அன்னைக்கி நான் பாத்தது புகை இல்ல. என் கண்ணுக்குள்ள ஒளுகுன ரத்தம்."

சீனிவாசகம் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல எங்கய்யா புகை இருக்கு?"

"அங்கங்க வெள்ளையா ஊறியிருக்காம்ல, அதெல்லாம் ஒளுக்கு. மணிமுத்து கலவ சுத்தம். திருப்பி எடுத்துக்கிடுங்க."

முதலாளி படத்தை மேஜையில் வைத்தார். "நீ வேண்டாம்னு சொன்ன சரக்கு என்னாச்சுன்னு ஒருநாளும் நீ கேக்கவே இல்லையே, சாமி."

"அழிச்சிருப்பீக."

"சீசன்ல எவனாவது சரக்க அழிப்பானா? லேபிள மாத்தி அனுப்பியாச்சு. எல்லாம் நல்லா வெடிச்சது. ஒரு கம்ப்ளைண்டு வரல."

கோட்டைச்சாமி மேஜையைத் தடவிப் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்ப ஒங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியும்னு நான் சொல்லல. கம்ப்ளைண்டு வரலன்னு சொல்றேன்." குரலை இறக்கினார். "இங்க பாரு. அவனத் திரும்ப எடுத்தா வெளிய என்னன்னு சொல்றது? எங்க ஆளு கண்ணு தெரியாமத்தான் சாம்பிள் பாத்தாருன்னா? போன வருசச் சரக்கு பூராத்துக்கும் பார்ட்டி வந்து கேள்வி கேப்பான். ஒம் பேரும் போகும், கம்பெனி பேரும் போகும். பேசாம வீட்ல இரு. ஒன்னையக் கைவிட மாட்டேன்."

பேசாமல் இருக்கவில்லை அவர். அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவேண்டும். டீக்கடையில் சொன்னார். கம்பெனி கேட்டில் நின்று வேலைக்குப் போகிறவர்களிடம் சொன்னார். மற்றக் கம்பெனிப் போர்மேன்களுக்கு ஆள்விட்டுச் சொன்னார். இசக்கிப்பாண்டியை வீட்டிலேயே போய்ப் பிடித்தார்.

"நீ சொல்லுப்பா. அன்னைக்கிப் புகை இழுக்கலைல்ல?"

"என்னண்ணே பேசுறீக? நான் எம்புட்டு நல்லாப் பாத்தேன். கறுகறுன்னு இழுத்துச்சு. ஒங்க கண்ணுல கோளாறுன்னா எங்க எல்லார் கண்ணுலயுமா கோளாறு?"

லேசாக இழுத்த புகை ஆறு மாதத்தில் கறுகறு என்று ஆகிவிட்டது. இசக்கிப்பாண்டியும் பொய் சொல்கிறான் என்று எனக்குத் தோன்றவில்லை. அவன் உண்மையாகவே பார்த்ததாக இப்போது நம்புகிறான்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்" என்றார்கள். "மக கண்ணீர் விட்டதும் தராசு சாஞ்சிருச்சு" என்றார்கள். மூக்கம்மாள் கண்மலர் செலுத்த இருக்கன்குடி போனதைப் பார்த்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மாரியாத்தா மேல் சத்தியம் செய்து சொன்னதை மருமகனுக்காக மாற்றிப் பேசுகிறார், அதனால்தான் ஆத்தா கண்ணைப் பறித்துக்கொண்டாள் என்று ஆயிற்று. கண் முன்னால் போனதா, பேச்சு முன்னால் மாறியதா என்று யாரும் யோசிக்கவில்லை. தவறானதை அவர் சொன்னபோது நீதிமான் என்றவர்கள், உண்மையைச் சொன்னபோது பாசத்தில் புத்தி கெட்டவர் என்றார்கள்.

மாசி மாதம், புது ஆர்டர் கொடுக்க வடக்கேயிருந்து பார்ட்டிகள் வந்தார்கள். ஸ்ரீராம்குமார் கார் எடுத்துக்கொண்டு நேராகக் கோட்டைச்சாமி வீட்டுக்கு வந்தான். "ஒங்களப் பாக்கணுங்காகண்ணே. சும்மா வந்து ஒக்காந்தாப் போதும்."

மூக்கம்மாள் வேண்டாம் என்றாள். கோட்டைச்சாமி போகிறேன் என்றார். மகளுக்குப் போன் போடச் சொன்னார். "பார்ட்டிங்க முன்னால எல்லாத்தையும் சொல்லிடப் போறேன். அவங்க கேட்டா மொதலாளி மாத்த முடியாதுல்ல? மாப்ளையையும் கூட்டிட்டு வா தாயி."

மணிமுத்து வரவில்லை. அழகுமீனா மட்டும் வந்து அப்பா கையைப் பிடித்துக்கொண்டாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவளாக அந்தக் கையைப் பிடித்தாள்.

பொட்டலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நடுவில் அவருக்கு ஒன்று. பொன்னாடையும் வந்தது. வெடிகள் ஏறி விரிந்தன. அவருக்கு வானம் அங்கங்கே வெளுப்பதும் இருள்வதும்தான் தெரிந்தது. முடிந்ததும் ஸ்ரீராம்குமார், "எப்படிண்ணே இருக்கு, ஒரு வார்த்த சொல்லுங்க" என்றான்.

கோட்டைச்சாமி எழுந்து நின்றார். ஒரு வார்த்தை இல்லை, நிறையப் பேசினார். தன் கண்ணில் சர்க்கரையால் ரத்தம் ஒழுகியதைச் சொன்னார். அதைப் புகை என்று நினைத்ததைச் சொன்னார். "மணிமுத்து கலந்த மருந்துல ஒரு குத்தமும் கெடையாது. மணிமுத்து கை சுத்தமான கை. அவர நான்தான் கெடுத்தேன். இந்தா படம், பாருங்க" என்று, மடித்து மடித்து ஓரம் நைந்திருந்த அந்தப் படத்தை நீட்டினார். இடது கண்ணிலும் வலது கண்ணிலும் ஒன்றுபோலவே தண்ணீர் வழிந்தது.

ஸ்ரீராம்குமார் படத்தை மரியாதையாக வாங்கிக்கொண்டான். பார்ட்டிகள் பக்கம் திரும்பி இந்தியில் சொன்னான். அவர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஒருவர் படத்தை வாங்கிப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர்களில் வயதானவர் எழுந்து வந்து, கோட்டைச்சாமியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எல்லாரும் கைதட்டினார்கள். சீனிவாசகம் முதலாளியும் தட்டினார்.

கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்ததும் கோட்டைச்சாமி நின்றார். முகம் தெளிந்திருந்தது. "பாத்தியா தாயி. ஒண்ணு விடாமச் சொல்லிட்டேன். அந்தப் பெரிய மனுசன் காலத் தொட்டுட்டாரே. அவங்களுக்கு வெளங்கிருச்சு."

அழகுமீனா அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, எனக்கு இந்தி தெரியாது. ஆனா எம் புருசன் பேரு எனக்குத் தெரியும்ல. நீங்க அம்புட்டுத் தடவ மணிமுத்து, மணிமுத்துன்னு சொன்னீக. சின்ன மொதலாளி ஒரு தடவகூடச் சொல்லல."

பொன்னாடை தோளிலிருந்து நழுவியது; அவர் அதைப் பிடிக்கவில்லை.

"திரும்பப் போயிச் சொல்லட்டா?" என்று கேட்டார்.

"யார்ட்டப்பா?" என்றாள் அவள்.

பின்னால் இன்னொரு சாம்பிள் வெடித்தது. பழக்கத்தில் அவர் தலையை நிமிர்த்தினார். லாரி ஒன்று வருவதைப் பார்த்து, அழகுமீனா அவர் கையை இறுக்கிப் பிடித்து ஓரமாக நிறுத்தினாள்.